சுழியமும் மௌனமும்

மழையை அளக்க வேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்குப் புதியது அன்று. பண்டகசாலையின் முன்னே ஒரு முழம் வாய் அகன்ற பாத்திரத்தை மழைமானியாக வைக்க வேண்டும் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. நம் ஊர்ப்புறத்து உழவர்களோ பாத்திரம் ஏதுமின்றி, மண் நனைந்த ஆழத்தைக் கொண்டே 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று கணக்கிட்டனர். முற்றத்து ஆட்டுக்கல் குழியில் தேங்கிய நீரைப் பார்த்து, இரவு பெய்த மழையின் அளவைச் சொல்லிய பாட்டிமார்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் ரென் என்பவர், 1662-ஆம் ஆண்டளவில், நீர் நிறைந்ததும் தானே சாய்ந்து கொட்டிவிட்டு மீண்டும் நிமிரும் சிறு வாளி ஒன்றை மழைமானிக்கு வகுத்தார். லண்டன் மாநகரின் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய அதே ரென்தான் அவர். இன்று கொங்கணக் கரையிலும் சஹ்யாத்ரி மலைச் சரிவிலும் நிற்கும் தானியங்கி மழைமானிகளுள் பெரும்பாலானவை அந்தப் பழைய தத்துவத்திலேயே இயங்குகின்றன. அன்று இல்லாத ஒன்று இன்று உடன் சேர்ந்திருக்கிறது; அதுவே பதிவுப் பெட்டி.

'டேட்டா லாகர்' என்று பட்டறைகளில் வழங்கும் அப்பெட்டியோடுதான் எங்கள் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. பிழைப்பை நாடித் தென்னாட்டிலிருந்து வந்து, செம்பூரிலும் மாட்டுங்காவிலும் சயானிலும் குடியேறிய நாங்கள் சிலர், ஒரே தொழிலில் கூடினோம். மழை, வெப்பம், ஈரப்பதம், ஆற்று நீர்மட்டம் ஆகியவற்றைப் பதியும் கருவிகள் பழுதுபட்டால் சென்று பார்ப்பது எங்கள் வேலை. இலக்கிய மலரில் இத்தகைய பொருளுக்கு இடம் உண்டா என்று அன்பர்கள் கேட்கலாம். கருவியின் பழுதை ஆராய்வதும் ஒருவகையில் பொருள் விளங்காத ஓர் ஏட்டைப் படிப்பது போன்றதே. எழுத்து எது, கறை எது, செல்லரித்த இடம் எது என்று பிரித்தறியத் தெரிந்தால் அல்லாமல் இரண்டையும் படிக்க இயலாது.

முதலில் கருவியின் அமைப்பைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். வெளியே நின்று உணர்வது ஒன்று. அதனை உணரி என்பர். உணரி சொல்வதைக் கேட்டுக் குறித்த நேரந்தோறும் எழுதிக்கொள்வது பதிவுப் பெட்டி. இரண்டுக்கும் உயிர் கொடுப்பது பாட்டரி; அப்பாட்டரிக்கு உணவூட்டுவது சூரியத் தகடு. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதும் பெட்டி, ஒரு நாளில் 96 முறையும் ஓர் ஆண்டில் 35,040 முறையும் எழுதுகிறது. உறக்கமும் விடுப்பும் அறியாத இக்கணக்கப்பிள்ளை பொய் எழுதுவதில்லை. ஆனால் தனக்குச் சொல்லப்பட்டதைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாதவன். தொல்லைகள் யாவும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

பழுது என்று அழைப்பு வந்தால் நாங்கள் கைக்கொள்ளும் முதல் விதி, பெட்டியை உடனே தொடாதிருப்பதாகும். அவசரக்காரர் முதலில் மின்னிணைப்பைப் பிடுங்கி மீண்டும் செருகுவர். கருவி உயிர்பெற்றுவிடக் கூடும். ஆனால் பழுதின் தடயமும், சில வேளைகளில் சேர்த்துவைத்த பதிவும், அந்த ஒரு செயலால் அழிந்துபோகும். ஆகவே, கண்டதைக் கண்டவாறு குறிப்பேட்டில் எழுதுவதும், நினைவகத்தில் உள்ள பதிவைப் பிரதி எடுப்பதும் முதல் வேலை. திருப்புளியைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகே.

அடுத்துப் பார்க்க வேண்டியது பாட்டரி. எங்கள் அனுபவத்தில், ஊமையான பெட்டிகளுள் பல பசியால் ஊமையானவையே. 12 வோல்ட் பாட்டரியைச் சும்மா இருக்கையில் அளந்தால் 12-க்கு மேலேயே காட்டும். செய்தி அனுப்பும் நேரத்தில், சுமை ஏறிய கணத்தில் அளந்தால் சடாரென்று கீழே விழும். நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது திடமாகத் தோன்றும் முதியவர் மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குவதைப் போன்றது இது. கொங்கணத்தில் ஆனி, ஆடி மாதங்களில் கதிரவனைக் காண்பதே அரிது. சூரியத் தகட்டின் மீது பாசியும் படியும். மழையை அளப்பதற்கென்றே நிறுத்திய கருவி, மழை மிகுந்த காலத்தில் பசித்துச் சாவது இதனால்தான். வைகாசி முடியுமுன் தகட்டைத் துடைத்து, பழைய பாட்டரியை மாற்றிவிடுவதே பரிகாரம்.

மூன்றாவது, நேரம். பெட்டியின் உள்ளே இருக்கும் கடிகாரம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலும், மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் விலகும். பாட்டரி முற்றும் இறந்து பிழைத்தால், சில பெட்டிகள் தாம் பிறந்த நாளுக்கே திரும்பி 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி என்று எழுதத் தொடங்கும். இவற்றைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. கருவி கிரீன்விச் நேரத்தில் எழுத, படிப்பவர் அதனை இந்திய நேரம் என்று கொண்டால் ஐந்தரை மணி வேறுபாடு விழும். நம் நாட்டில் மழைநாள் என்பது காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை. ஆதலால், காலையில் பெய்த மழை முந்தின நாள் கணக்கில் போய்ச் சேரும். எண் சரி, நாள் தவறு. இவ்வகைப் பிழையைக் கருவியில் எவ்வளவு தேடியும் காண முடியாது. படிப்பவரின் மேசையில் தேட வேண்டும்.

ஈரமும் உப்புக் காற்றும் அடுத்த பகைவர்கள். கடற்கரை ஊர்களில் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். பெட்டியினுள் வைக்கும் சிலிகா ஜெல் பொட்டலம் உலர்ந்திருக்கையில் நீலமாகவும் நனைந்தபின் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்நிறத்தைப் பார்ப்பது எங்கள் வழக்கம். வெப்பத்தை அறியப் பிளாட்டினக் கம்பியைப் பயன்படுத்துகிறோம். அதன் மின்தடை பனிக்கட்டி உருகும் நிலையில் 100 ஓம். பிறகு ஒவ்வொரு பாகைக்கும் 0.385 ஓம் வீதம் ஏறும். இரு கம்பிகளால் மட்டும் இணைத்த அமைப்பில், களிம்பேறிய ஒரு முனை ஓர் ஓம் தடையைக் கூட்டிவிட்டால், இரண்டரைப் பாகைக்கு மேல் வெப்பம் மிகுந்ததாகப் பெட்டி எழுதும். ஊரே காய்ச்சலில் கிடப்பதாகத் தோன்றும். உண்மையில் காய்ச்சல் கண்டது ஒரு திருகாணிக்குத்தான். மூன்று அல்லது நான்கு கம்பிகளால் இணைப்பது இக்குறையைப் போக்கும்.

மழைமானிக்கு வருவோம். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள புனலில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 314 மில்லிலிட்டர் நீராகும். அரை மில்லிமீட்டருக்கு ஒரு முறை சாயும் வாளியாயின், அந்நீருக்கு 20 முறை சாய வேண்டும். ஆகவே, அளந்து எடுத்த 314 மில்லிலிட்டர் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணிப் பார்த்தால் கருவியின் நலம் தெரிந்துவிடும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு காந்தம் ரீட் சுவிட்ச் என்னும் சிறு கண்ணாடிக் குழலைக் கடந்து செல்கிறது. அதனுள் உள்ள இரு இதழ்களும் ஒரு கணம் தொட்டுப் பிரிகின்றன. இதழ்கள் தளர்ந்தால், ஒரு சாய்வுக்கு இரு முறை துள்ளித் தொடும், மழை இரட்டிக்கும். இதழ்கள் ஒட்டிக்கொண்டால் மழையே இல்லை. பெருமழையிலோ, வாளி சாயும் அந்த இமைப்பொழுதிலும் நீர் வீழ்ந்துகொண்டே இருப்பதால் கணக்குச் சற்றுக் குறையும். இவை தவிர, இலை, சருகு, பறவை எச்சம், சிலந்தி வலை, எறும்புப் புற்று, குளவிக் கூடு ஆகிய யாவும் புனலின் துளையை அடைக்க வல்லவை.

துளை அடைபட்டால் கருவி என்ன எழுதும்? அங்கேதான் இக்கட்டுரையின் உயிர்நிலை இருக்கிறது. அது சுழியம் என்று எழுதும். மழை பெய்யாத நாளிலும் சுழியம்தான். பெய்தும் உணராத நாளிலும் சுழியம்தான். ஏட்டில் இரண்டும் ஒரே வட்டமாகத்தான் தெரியும்.

தொழிற்சாலைக் கருவிகளை வகுத்தோர் இத்தீங்கை முன்னரே உணர்ந்திருந்தனர். அழுத்தம், நீர்மட்டம் போன்றவற்றைக் கம்பிவழித் தெரிவிக்க 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை என்னும் மின்னோட்ட அளவு உலகெங்கும் வழக்கில் உள்ளது. தொட்டி நிறைந்தால் 20. தொட்டி காலியானால் 4. காலித் தொட்டிக்கு ஏன் சுழியத்தையே வைக்கவில்லை என்று புதிதாகத் தொழில் பயில வரும் பிள்ளைகள் எங்களைக் கேட்பதுண்டு. விடை எளிது. தொட்டி காலியாக இருந்தாலும், 'நான் இருக்கிறேன், தொட்டியில் ஒன்றும் இல்லை' என்று சொல்ல அந்த 4 வேண்டும். கம்பி அறுந்தால் உண்மையான சுழியம் வரும். அது காலியின் குரல் அன்று, மௌனம். இந்த 4 மில்லியாம்பியருக்குப் பொறியாளர்கள் 'உயிருள்ள சுழியம்' என்று பெயரிட்டனர். கவிஞர் எவரும் வைக்காத இப்பெயரைப் பொறியாளர் வைத்தனர் என்பது எங்களுக்கு ஒரு பெருமை. ஆயினும், வாளி மழைமானிக்கு இந்த வசதி இல்லை. அதன் சுழியம் உயிருள்ளதா இல்லையா என்பதை மனிதரே சென்று பார்க்க வேண்டும்.

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்வோம். 2007-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. இதில் வயலின் இழப்பை எவரும் நேரில் வந்து மதிப்பிடுவதில்லை. குறித்த நிலையத்தின் மழையும் வெப்பமும் இன்ன எல்லையைத் தாண்டினால் இன்ன தொகை என்பது ஒப்பந்தம். ஆகவே, அங்கே கருவி எழுதும் எண்ணே உழவனின் சாட்சி. கொங்கணத்து மாமரங்கள் பூத்திருந்த ஒரு பிப்ரவரி மாதத்தில், பருவம் தவறிய மழை ஒன்று அப்பகுதியில் பெய்தது. பூக்கள் கறுத்து உதிர்ந்தன. அந்த ஊரின் நிலையமோ சுழியம் என்று எழுதியிருந்தது. கருவியைச் சோதிக்க எங்களை அழைத்தனர்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மழை பெய்த மூன்றாம் நாள். வேலிக்கு வெளியே தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் காத்திருந்தார். "சாஹேப், அந்தப் பெட்டி மழையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எங்கள் இருவரில் யாரை நம்புவீர்கள்?" என்று மராத்தியில் கேட்டார். "காகா, இரண்டு பேரையும் விசாரிக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்றோம்.

விசாரணையில் பெட்டியே அவர் பக்கம் சாட்சி சொன்னது. மழைக் கட்டத்தில் சுழியம் நின்ற அதே மாலையில், அதே கம்பத்தில் இருந்த வெப்ப உணரி, அரை மணிக்குள் 31 பாகையிலிருந்து 23 பாகைக்கு இறங்கியிருந்தது; ஈரப்பதம் நூற்றுக்கு 48-லிருந்து 96-க்கு ஏறியிருந்தது. மழையின்றி இவ்விரண்டும் ஒருங்கே இவ்வளவு விரைவில் நேர்வது அரிது. புனலின் மூடியைக் கழற்றினோம். துளைவாயில் குளவி ஒன்று மண்ணால் கூடு கட்டியிருந்தது. புனலில் நீர் தேங்கி நின்றது. அளந்தோம், 283 மில்லிலிட்டர். அதாவது, இரு நாள் வெயிலில் ஆவியானது போகவே, 9 மில்லிமீட்டர் மழை. பெரியவர் அந்த அளவுக் குவளையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிக்கல் அதன் பிறகே எழுந்தது. "சார், பக்கத்து நிலையத்தின் எண்ணையே இந்தக் கட்டத்திலும் எழுதிவிட்டால் எல்லோருக்கும் வேலை முடிந்துவிடுமே" என்று உடன் வந்த அலுவலர் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். அப்படி எழுதினால் பெரியவருக்கும் நன்மையே. ஆனால் அந்தக் கட்டத்தில் ஓர் எண் நிற்குமானால், அதனை இந்தக் கருவி கண்டது என்பதே அதன் பொருள். கருவி காணவில்லை. ஆகவே, 'பதிவு இல்லை. துளை அடைப்பு' என்று எழுதினோம். அதோடும் நிற்க முடியவில்லை. வாளி கடைசியாகச் சாய்ந்தது முந்தின அக்டோபரில். குளவி என்று கூடு கட்டியது என்பதற்குச் சான்று இல்லை. எனவே, அக்டோபர் முதல் அன்று வரை நின்ற சுழியங்கள் அனைத்தையும் ஐயத்துக்குரியவை என்று குறித்தோம். நான்கு மாத ஏடு ஒரே நாளில் மதிப்பிழந்தது. அலுவலரின் முகமும் வாடியது.

ஆனால் அந்த வெற்றிடமே வழியைத் திறந்தது. முதல் நிலையம் பழுதானால் இன்ன மாற்று நிலையத்தின் அளவைக் கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு விதி இருந்தது. சுழியம் என்ற எண் நின்றவரை அவ்விதிக்கு வேலை இல்லை. 'பதிவு இல்லை' என்ற இரு சொற்கள் எழுதப்பட்ட பின்னரே மாற்று நிலையத்தின் ஏட்டைப் புரட்டினர். தொகையும் பிறகு வந்தது. அந்தப் பராமரிப்பு வேலை மறு ஆண்டு எங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நான்கு மாத வெற்றிடம் அறிக்கைக்கு அழகாக இல்லை போலும். அதற்காக நாங்கள் வருந்தியதில்லை. குளவியின் மீதும் கோபம் இல்லை. நன்கு உலர்ந்த, ஆளரவம் அற்ற, மழை படாத காலத்துத் துளை ஒன்றை அது கண்டது. எவரும் நான்கு மாதம் சென்று பார்க்கவில்லை என்பதற்கு அக்கூடு ஒரு சான்று, அவ்வளவே. மழையில்லாப் பருவத்தில் சுழியம் வந்தால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. நாம் எதிர்பார்த்த எண்ணையே காட்டும் பழுதுதான் பழுதுகளுள் கொடியது.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. எதிர்பாராத எண் வந்தவுடன் அதனைப் பழுது என்று தள்ளிவிடுவது. மும்பைவாசிகளுக்கு 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஐ நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் நிலையம் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிந்தது. அதே நகரின் தென்கோடியில் உள்ள கொலாபா நிலையம் 73 மில்லிமீட்டரே பதிந்தது. எண்களை மட்டும் காண்பவர், இரண்டில் ஒரு கருவி பழுது என்று அடித்துச் சொல்வார். இரண்டும் சரி. குர்லாவிலும் சயானிலும் இடுப்பளவு நீரில் நடந்து வீடு சேர்ந்தவர்கள் ஒரு கருவிக்குச் சாட்சி. அன்று மாலை கோட்டைப் பகுதியில் சாதாரண மழை என்றே எண்ணி அலுவலகத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் மற்றதற்குச் சாட்சி.

உலகறிந்த சான்றும் ஒன்று உண்டு. தென் துருவக் கண்டத்தின் ஹாலி பே நிலையத்தில் தரையிலிருந்து அளந்த பிரிட்டிஷ் அறிஞர்கள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் ஆகிய மூவரும், வசந்த காலத்தில் ஓசோன் படலம் மெலிந்துவருவதை 1985-ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அமெரிக்காவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978 முதல் அதே வானத்தை மேலிருந்து அளந்துவந்தது. 180 டாப்சன் அலகுக்குக் குறைந்த எண் வந்தால் அது ஐயத்துக்குரியது என்று குறியிடுமாறு அதன் கணக்குமுறை வகுக்கப்பட்டிருந்தது. ஆகவே, மெய்யான குறைவும் ஐயம் என்னும் கட்டுக்குள் போய் விழுந்தது. நல்வினைப்பயனாக, குறியிட்டார்களே அல்லாமல் எவரும் அழித்துவிடவில்லை. பழைய பதிவுகளை மீண்டும் கணக்கிட்டபோது, அக்குறைவு தென் துருவக் கண்டம் முழுவதையும் தழுவி நின்றது தெரியவந்தது. ஐயப்படுவதும் அழிப்பதும் ஒன்று அல்ல என்பதற்கு இதனினும் பெரிய பாடம் எங்கள் தொழிலில் இல்லை.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தோர்க்கு இப்பாடம் வேறொரு வகையிலும் உறவுடையது என்பதே. நம் முன்னோர் தாதர் நிலையத்தில் வந்து இறங்கிய காலத்தில், ஊருக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த கம்பி அஞ்சல் ஒன்றுதான். 'இங்கு அனைவரும் நலம்' என்று தொடங்கும் உள்நாட்டுக் கடிதங்களில் பல வேளை வேறு செய்தியே இருக்காது. பசு கன்று ஈன்றது, மழை இல்லை, விசேஷம் ஒன்றும் இல்லை என்று நான்கு வரி. செய்தியற்ற அக்கடிதங்களே உயிருள்ள சுழியங்கள். கடிதம் வராத மாதம் மௌனம். அது நலமா, நோயா, கோபமா என்று தெரியாமல் தவித்த தாய்மார்கள் இங்கும் இருந்தனர், அங்கும் இருந்தனர். 2013-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தந்தி, வாசலில் வந்தாலே அழுகை எழுந்ததற்கும் இதுவே காரணம். கம்பி பேசியதெல்லாம் பேரிழப்பை மட்டுமே.

இன்று கையடக்கத் தொலைபேசி எல்லோரிடமும் உண்டு. ஆயினும், திருநெல்வேலியிலோ தஞ்சையிலோ தனித்திருக்கும் முதிய பெற்றோர், பிள்ளைகளின் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று எண்ணித் தாமாக அழைப்பதில்லை. நாமும், அழைப்பு இல்லை என்றால் குறை இல்லை என்று கொள்கிறோம். நாம் எதிர்பார்த்த சுழியம் அது. ஆதலால் ஐயம் எழுவதில்லை. அம்மா அழைத்து, "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்று சொன்னால் அதனை வீண்பேச்சு என்று வெட்டிவிடாதீர்கள். கம்பி அறாமல் இருப்பதற்கு அடையாளமான அந்த 4 மில்லியாம்பியர் அதுதான். அவர்கள் அழைக்கவில்லையானால் நாம் அழைப்போம். ஆண்டுக்கொரு முறையேனும் நேரில் சென்று, புனலின் மூடியைத் திறந்து பார்ப்பது போல், வீட்டையும் உடலையும் உள்ளத்தையும் பார்த்து வருவோம். சென்று பார்க்காத மாதங்களை 'நலம்' என்று நாமே நிரப்பிக்கொள்ளாமல், 'அறியோம்' என்று வெறுமையாக விடும் துணிவு வேண்டும். அந்த வெறுமை கண்ணில் பட்டால்தான் பயணச் சீட்டு எடுக்கத் தோன்றும்.